பயணத் தேதியும் கீமோ தேதியும்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, புண் நன்றாக ஆறுகிறது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து கீமோ தொடங்க வேண்டும் என்கிறார் டாக்டர். சிங்கப்பூரில் இருக்கும் பெரியவளுக்கோ இன்னும் ஐந்து வாரத்தில் பிரசவம். “போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கி, மூணு மாசம் கூட இருந்துட்டு வந்து கீமோ போட்டுக்கறேன்” என்று உன் அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். கீமோ வார்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்த சித்தி என்ற முறையில், இதில் எப்படி முடிவெடுப்பது என்று எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கீமோ என்று ஒரே பெயரில் சொன்னாலும், எல்லோருக்கும் அவசரம் ஒன்றல்ல. திடீரென்று வரும் கடுமையான ரத்தப் புற்றுநோயில் நாள் கணக்குதான். இன்று அட்மிஷன், ஓரிரு நாளில் மருந்து. அங்கே பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெதுவாக வளரும் சில ரத்தப் புற்றுநோய்களிலும் நிணநீர்ப் புற்றுநோய்களிலும், தொந்தரவு இல்லாதவரை மருந்தே தராமல் வருஷக்கணக்கில் கண்காணித்து வருவார்கள். அவர்கள் தாராளமாகப் பயணம் போய் வரலாம். அதனால் “எங்க சித்தப்பா ஆறு மாசம் தள்ளிப்போட்டார், ஒண்ணும் ஆகலை” என்று யாராவது சொன்னால், அவருக்கு இருந்தது எந்த நோய் என்று முதலில் கேள்.

உன் அம்மாவின் விஷயம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. கட்டியை எடுத்தாகிவிட்டது. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் உடம்பில் வேறு எங்காவது தங்கியிருந்தால் அவற்றையும் அழிக்கத்தான் இந்த கீமோ. ஆபரேஷன் புண் ஆறியதும், வழக்கமாக 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குவார்கள். 90 நாளைத் தாண்டித் தொடங்கியவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று பயாப்சி சோதனைகளும் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். 2020-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 7 வகைப் புற்றுநோய்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் கூடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார். ஆபரேஷன் முடிந்து 3 வாரம், பிரசவத்துக்கு 5 வாரம், அங்கே தங்குவது 12 வாரம். மொத்தம் 20 வாரம், அதாவது 140 நாள். உன் அம்மா கேட்கும் அவகாசம் மிக அதிகம். ஆனால் அதற்காக நாளைக் காலையே ஊசி ஏற்றியாக வேண்டும் என்றும் இல்லை. மேலே சொன்ன 4 முதல் 6 வாரத்துக்குள் ஒரு வாரம் பத்து நாள் முன்னே பின்னே நகர்த்த பெரும்பாலும் இடம் இருக்கும். எவ்வளவு என்பதை பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தொடங்கும் தேதியை ஓரளவு நகர்த்தலாம்; தொடங்கிய பிறகு நாமாக நடுவில் நிறுத்தக்கூடாது. நோயைக் குணமாக்கத் தரும் கீமோவை உரிய அளவில், உரிய இடைவெளியில் தந்தால்தான் முழுப் பலன். இரண்டு தவணை போட்டுவிட்டு, சிங்கப்பூர் போய் வந்து மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே.

வீட்டில் மாதக் காலண்டர் இருக்குமே, அதை எடுத்து வைத்துக்கொள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் மருந்து என்றால், மருந்து ஏற்றும் நாளை ‘1’ என்று குறி. முதல் நாலைந்து நாள் குமட்டல், அசதி, வாய்க்கசப்பு. 7 முதல் 14 வரை உள்ள கட்டங்களைச் சிவப்பு மையால் சுற்று. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் அவை. “கவுண்ட் இறங்கிடுச்சு” என்று வார்டில் சொல்வார்களே, அது இதுதான். அந்த வாரத்தில் கூட்டம், கல்யாணம், விமானம் எதுவும் வேண்டாம். 15 முதல் 21 வரை உடம்பு மெல்லத் தேறும். பக்கத்து ஊருக்குப் போய்வருவது போன்ற சின்னப் பயணத்தை டாக்டர் அனுமதித்தால் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தவணைக்கு முன் ரத்தம் பார்ப்பார்கள். கவுண்ட் ஏறவில்லை என்றால் தேதி தள்ளிப்போகும். ஆகவே எந்த டிக்கெட்டையும் தேதி மாற்ற முடியாதபடி வாங்கிவிடாதே.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும்போது இது நடந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் செலவு என்று யோசித்துப் பார். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பயண இன்சூரன்ஸ்கள் பணம் தருவதில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு; புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும். பயணத்துக்குத் தடுப்பூசி ஏதும் தேவைப்பட்டால் கீமோவுக்கு முன்பே கேட்டுக்கொள். உயிருள்ள கிருமியிலிருந்து செய்த தடுப்பூசிகளைக் கீமோ நடக்கும்போது போடக்கூடாது.

இவ்வளவும் குணமாக்கும் நோக்கத்தோடு தரும் கீமோவுக்கு. நோய் பரவி, இனி அடக்கி வைக்க மட்டுமே முடியும் என்ற நிலையில் தராசு வேறு பக்கம் சாயும். அங்கே பேரப்பிள்ளையைப் பார்ப்பதே முதல் காரியமாக இருக்கலாம். டாக்டரும் மருந்துக்கு இடைவெளி தரக்கூடும். உன் அம்மா அந்த நிலையில் இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியம் எனக்கு எப்போதும் வேதனை தருவது. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகள் மட்டும் டாக்டரின் அறைக்குள் போய்த் தேதி குறித்துவிடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. அம்மாவை உள்ளே கூட்டிப்போ. “என் பொண்ணுக்குப் பிரசவம், நான் போகணும்” என்று அவளே சொல்லட்டும். பயணத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். சொன்னால்தானே தேதியை எவ்வளவு நகர்த்தலாம் என்று அவர் யோசிப்பார்? சொல்லாமல் வைத்திருந்து, பாதியில் வராமல் நின்றுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் ஆபத்து.

மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போ. இந்த கீமோ குணமாக்கவா, அடக்கி வைக்கவா? எந்தத் தேதிக்குள் தொடங்கியே ஆக வேண்டும்? எத்தனை தவணை, எப்போது முடியும்?

உன் அம்மாவிடம் சொல்லவும் இரண்டு வழி இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரும் கீமோ டாக்டரும் சம்மதித்தால், இப்போதே ஒரு வாரம் போய்ப் பெரியவளைப் பார்த்து, பிரசவ லேகியத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்து, குறித்த தேதியில் தொடங்கலாம். இல்லையென்றால் பயணத்தை விட்டுவிட்டு உடனே தொடங்கட்டும். பலருக்கும் தரும் முறைப்படி நாலு தவணை மூன்று வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டும் என்றால் மொத்தம் 24 வாரம். அது முடியும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ நாலரை மாதம் ஆகியிருக்கும். டாக்டர் சம்மதித்தால் அப்போது போய்ப் பார்த்து வரலாம். கதிர்வீச்சு தேவைப்பட்டாலும், அதற்கு முன் வழக்கமாகச் சில வாரம் இடைவெளி விடுவார்கள்.

இரண்டில் எது என்று அவளே சொல்லட்டும். பிரசவத்துக்கு யார் போவது என்ற கவலை மட்டும் அவளுக்கு வேண்டாம், நான் போகிறேன். பத்தியச் சமையலும் பிள்ளைக் குளியலும் எனக்கும் தெரியும். டாக்டர் தேதி சொன்ன அன்றே எனக்கு போன் செய், டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் சித்தி