மரத்துப்போன இரண்டு விரல்கள்

மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் பட்டபோது என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருப்பதே தெரியவில்லை. திருவான்மியூரில் அதிகாலை நாலரை மணிக்கு ஏறியவன், 110 கிலோமீட்டருக்கு மேல் மிதித்திருந்தேன். புதுச்சேரிக்கு இன்னும் 35 இருந்தது. கையை உதறிப் பார்த்தேன், கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். உணர்ச்சி முழுதாகத் திரும்ப இரண்டு நாள் ஆனது.

என்னுடையது ஹார்டுடெயில் சைக்கிள். முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க் உண்டு, பின்னால் கிடையாது. பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகுத்தண்டுக்கு ஏறும். நீண்ட தூரத்துக்கு ரோடு பைக்தான் சரி என்று கூட ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மண்பாதையில் போவதும் இதே சைக்கிள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈ.சி.ஆர்) அகலப்படுத்துகிற இடங்களில் ஜல்லியைத் தாண்ட இதன் பருத்த டயர்தான் எனக்குத் தைரியம். அதனால் இருப்பதையே உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மரத்துப்போனதற்கான காரணத்தைச் சொன்னவர் புதுச்சேரியில் ஒரு சிறிய கடையில் வேலை செய்யும் பெரியவர். மெத்தென்ற கிரிப் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கிரிப்பைப் பார்க்கவே இல்லை. சீட்டின் மேல் ஒரு நோட்டை வைத்துக் குனிந்து பார்த்தார். "தம்பி, சீட்டு மூக்கு கீழ பாக்குது. நீங்க முன்னால சரிஞ்சுக்கிட்டே இருப்பீங்க. கைதான் உங்களத் தாங்கிப் புடிச்சிருக்கு."

அப்படித்தான் இருந்தது. மணிக்கணக்காக என் பாரத்தில் பாதியை உள்ளங்கையின் வெளிப்பக்கம் சுமந்திருக்கிறது. முழங்கையைச் சுவரில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான் அந்த வழியாகச் சுண்டுவிரலுக்குப் போகிறது. இப்போது வீட்டில் ரசமட்டம் வைத்து சீட்டை நேராக்குகிறேன்.

சீட்டின் மூக்கைச் சாய்த்தது நானேதான். தொடையிடுக்கில் அழுத்தம் தாங்காமல் சாய்த்தேன். அந்த அழுத்தம் நான் ஆசையாக வாங்கிப் போட்ட ஜெல் கவரால் வந்தது. பத்து கிலோமீட்டருக்கு அது சொகுசுதான். ஐம்பதைத் தாண்டினால் உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுவிலிருக்கும் மென்மையான சதை பாரத்தை வாங்கத் தொடங்கும். எலும்பு உட்கார இடம் கொடுக்கிற, ஓரளவு கெட்டியான சீட்தான் தூரத்துக்கு உதவும். ஓர் அட்டைப்பெட்டித் துண்டைப் படிக்கட்டில் போட்டு, முழங்காலை உயர்த்தி அழுத்தி உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு குழிகளின் நடுவுக்கு நடு 11.5 செ.மீ. அதைவிட மூன்று செ.மீ. அகலமான, நடுவில் பள்ளம் உள்ள சீட் வாங்கினேன். செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அடுத்தது. அதற்குள் ஜட்டி போடக்கூடாது, தையல் உராய்ந்தே தோல் உரிந்துவிடும். உராயும் இடங்களில் கொஞ்சம் வாஸ்லைன் போதும்.

முழங்கால் சிப்பியைச் சுற்றி வந்த வலி சீட் உயரத்தால். சிக்னலில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று தாழ்த்தி வைத்திருந்தேன், நம்மில் பலரும் அப்படித்தான். டூர் தெ ஃபிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் ஒரு கணக்கு உண்டு: கவட்டிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். எனக்குக் கவட்டு உயரம் 80 செ.மீ.; கணக்கு 70.6 என்றது, என் சீட் இருந்ததோ 66-இல். ஒரே நாளில் ஏற்றாமல் வாரம் ஒரு செ.மீ. ஏற்றினேன். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு ஆடினாலோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

டயரில் கிடைத்த சுகத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய பட்டன் டயரைக் கழற்றி, 27.5 இஞ்சில் 2.0 அகலமுள்ள வழவழப்பான டயர் போட்டேன். வேகத்துக்கு ஆசைப்பட்டு மெலிந்த டயருக்குப் போகாதீர்கள்; பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் அந்தக் காற்றுதான் மெத்தை. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் 584 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், 27.5 சக்கரத்தின் அளவு அது. கடையில் 60 பிஎஸ்ஐ அடித்துக் கல்லாக்கிக் கொடுத்தார்கள். 74 கிலோ எடைக்கு நான் முன்னால் 35, பின்னால் 40 வைக்கிறேன். சாலையின் பொடி அதிர்வை என் ஃபோர்க் வாங்குவதே இல்லை, பெரிய பள்ளத்துக்குத்தான் அது அசைகிறது. அந்த அதிர்வை டயர் வாங்குகிறது. நல்ல தாரில் ஃபோர்க்கை லாக் செய்துவிடுவேன், மிதிக்கிற பலம் அதில் வீணாகாது.

ஹேண்டில்பார் 74 செ.மீ. அகலம். நாள் முழுக்க ஒரே பிடி, மதியத்துக்கு மேல் கடற்காற்று வேறு நெஞ்சில் அறையும். கிரிப்புக்கு உள்பக்கமாக இரண்டு சிறிய கொம்புகள் மாட்டினேன். அதைப் பிடித்தால் தோள் ஒடுங்குகிறது, மணிக்கட்டு திரும்பி ஓய்வெடுக்கிறது. அந்தப் பிடியில் பிரேக் எட்டாது, ஆகவே ஊருக்குள் வேண்டாம். பிரேக் லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினால் மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். முதுகுப்பையை விட்டொழித்தேன், நாலு கிலோ தண்ணீரும் ஸ்பேனரும் ஃப்ரேமுக்குள் தொங்கட்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நான் ஒரே நாளில் சீட்டையும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் சேர்த்து மாற்றி, கழுத்து வலிக்கு எது காரணம் என்று தெரியாமல் மூன்று வாரம் திண்டாடினேன்.

கடைசியாகப் போனபோது, அதே மரக்காணத்தில் இறங்கி இளநீர் குடித்தேன். பத்து விரலும் சில்லென்று உணர்ந்தன. திரும்பும்போது சைக்கிளை வேனில் ஏற்ற சீட்டை இறக்க வேண்டியிருந்தது. அதனால் சீட் போஸ்ட்டில் 70.6 வரும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றி வைத்திருக்கிறேன்.