வான்வெளியில் ஒரு சரஸ்வதி

இரவு வானில் நாம் வெறுங்கண்ணால் தனித்தனியாகக் காணும் விண்மீன்கள் யாவும் பால்வீதி என்னும் ஒரே அண்டத்தைச் சேர்ந்தவை. இத்தகைய அண்டங்கள் பல்லாயிரம் கோடி உள்ளன. அவை வான்வெளியில் எவ்வாறு பரவியுள்ளன? அதிலிருந்து நாம் அறிவது யாது?

அவை ஒரே சீராகத் தூவப்படவில்லை. 1986-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மார்கரெட் கெல்லரும் அவருடைய குழுவினரும் அண்டங்களின் தொலைவை அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டனர். சோப்புக் குமிழிகளின் மேல் ஒட்டிய தூசியைப் போல அண்டங்கள் சுவர் சுவராக நின்றன. நடுவே பெரும் வெற்றிடங்கள். நமது திருமயம் கோட்டையின் மீதேறிப் பார்த்தால் வீடுகள் சாலையோரம் திரண்டிருக்க, இடையே பொட்டல் கிடக்கிறதல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இதற்குக் காரணம், நாம் பாடத்தில் படிக்கும் ஈர்ப்பு விசையே. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதன் அடர்த்தி இடத்திற்கு இடம் மிக மிகச் சிறிதளவே வேறுபட்டது. சற்றே அடர்ந்த இடம் அக்கம்பக்கத்துப் பொருளை ஈர்த்து மேலும் அடர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத இருள்பொருளும் இதற்குத் துணை நின்றது.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் புனே நகர விஞ்ஞானி ஜாய்தீப் பாக்சி தலைமையிலான இந்தியக் குழுவினர் மீன ராசியில் ஒரு மாபெரும் அண்டத் தொகுதியை அறிவித்து, அதற்குச் 'சரஸ்வதி' என்று பெயரிட்டனர். அதன் தொலைவு 400 கோடி ஒளியாண்டு. நீளம் 60 கோடி ஒளியாண்டு. நிறையோ 200 கோடி கோடி சூரியன்களுக்கு நிகர்! இன்று நாம் காண்பது 400 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி. அதற்குள் இவ்வளவு பொருள் எவ்வாறு ஒன்று சேர்ந்தது என்ற கேள்வி எழுந்தது.

மிகப் பெரிய அளவில் நோக்கினால் பேரண்டம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும் என்பது அண்டவியலின் அடிப்படைக் கொள்கை. சரஸ்வதி அதைப் பொய்யாக்குகிறதா? ஒரு கண்மாயைக் கண்டு மாவட்டம் முழுவதும் தண்ணீர் என்போமா? நூறு கோடி ஒளியாண்டு அகலமுள்ள பகுதிகளை ஒப்பிட்டால் வேறுபாடு மிகக் குறைவே. ஆகவே பேரண்டத்திற்கு நடுவிடம் என்று ஒன்றில்லை. நாமும் நடுவில் இல்லை.

இவ்வுண்மை நம் விசுவாசத்தைக் குலைக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவே. தம் கொள்கையை விசுவாசத்திற்குச் சான்றாக்கவும் அவர் விரும்பவில்லை. ஆராய்ச்சியைக் கைவிடவும் இல்லை. வான வரைபடத்தில் அளக்கப்படாத பகுதியே இன்னும் மிகுதி. அதை நிறைவு செய்யும் கைகளில் நம் மாணவியர் கைகளும் இருக்கட்டும்!