பாலாற்றைத் தாண்டிக் கல்லூரிக்கு: முதலாண்டு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

மேட்டூரிலிருந்து கொளத்தூர், காரைக்காடு வழியாக மாதேசுவரன் மலைக்குப் போகும் பஸ், பாலாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கர்நாடகத்துக்குள் நுழைந்துவிடும். வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அல்ல இது. காட்டுக்குள் ஓடிவந்து காவிரியில் சேரும் சிற்றாறு. பழைய மைசூர் மாவட்டத்தின் விளிம்பில் இருந்த இந்தப் பகுதி, 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் போனது. பாலாறு, கோபிநத்தம் பக்கத்து வீடுகளில் பேச்சு தமிழில். அரசாங்கக் காகிதமெல்லாம் கன்னடத்தில். 1993 ஏப்ரல் 9 அன்று இங்கே நடந்த கண்ணிவெடித் தாக்குதலை வைத்தே வெளியுலகம் பாலாறு என்ற பெயரை நினைவு வைத்திருக்கிறது. இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் இனி பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்போ கர்நாடகத்தில் இரண்டாம் பியுசியோ முடித்ததும் அவர்கள் முன்னால் இரண்டு திசைகள். தெற்கே மேட்டூர், சேலம். வடக்கே ஹனூர், கொள்ளேகால், அதற்கப்பால் மைசூர். பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்களாகத்தான் இருப்பார்கள். பாடம் கடினமாக இருப்பதால் முதலாண்டில் வழுக்குபவர்களைவிட, விதி தெரியாமல் வழுக்குபவர்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஆற்றைத் தாண்டினால் விதிகள் மாறுகின்றன. ஆகவே பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் காகித வேலை.

சான்றிதழ் ஆற்றைத் தாண்டுமா?

சாதிச் சான்றிதழில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி, பழங்குடி என்று ஏற்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் போய் அதே இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஆந்திரத்திலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்து மாணவர் ஒருவர் மருத்துவப் படிப்பில் பழங்குடியினருக்கான இடம் கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இதைச் சொல்லிவிட்டது. சோளகர்கள் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருக்கிறார்கள். என்றாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு சோளகப் பெண் சேலத்தில் சேரும்போது, தமிழ்நாட்டுப் பழங்குடி இடத்துக்குள் தானாக வந்துவிட மாட்டார். இது நியாயமா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். விண்ணப்பம் நிரப்பும்போது விதி இதுதான்.

இடம் கிடைக்காவிட்டால் பணமும் கிடைக்காது என்று நினைத்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி விடவே கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, மாணவர் எங்கே படித்தாலும் அவருடைய சொந்த மாநிலம்தான் கொடுக்க வேண்டும். கர்நாடக முகவரிக்காரர் சேலத்தில் படித்தால் விண்ணப்பிக்க வேண்டியது கர்நாடகத்தின் உதவித்தொகைத் தளத்தில். கர்நாடக வருவாய்த் துறையின் ‘நாட கச்சேரி’ அலுவலகத்தில் சாதி, வருமானச் சான்றை வாங்கிக்கொண்டு, கல்லூரியில் போனஃபைடு சான்றும் கட்டண ரசீதும் கேட்டு வாங்கி, முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தளம் திணறும்; ஊரில் சிக்னலும் இருக்காது.

தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டம் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) இரண்டும் மாதம் 1,000 ரூபாயை மாணவர் வங்கிக் கணக்கில் போடுகின்றன. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை கர்நாடகப் பள்ளியில் இருந்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கொளத்தூர் வந்தவருக்கு இந்தக் கதவு திறக்காது. இந்தத் தொகையை நம்பி விடுதிச் செலவைத் திட்டமிட வேண்டாம். தகுதி உள்ளவர்கள் கல்லூரியின் பொறுப்பாசிரியரிடம் உடனே பெயர் கொடுத்துவிட வேண்டும்.

பியுசி முடித்துத் தமிழ்நாட்டுக்கு வருபவர்களுக்கு இன்னும் இரண்டு காகிதங்கள் தேவை: கர்நாடகத் தேர்வு வாரியத்திடமிருந்து இடப்பெயர்வுச் சான்று, சேரும் பல்கலைக்கழகத்திடமிருந்து தகுதிச் சான்று. டிசியும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் போதும் என்று நினைத்து, தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில் ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் பத்து ஜெராக்ஸ், போனில் ஒரு ஸ்கேன். அசலை வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகையும் கேட்டு வாங்கலாம்; தயங்க வேண்டியதில்லை.

எந்த மொழியில் டிக் அடிக்கிறீர்கள்?

விண்ணப்பத்தில் மொழிக்கென்று இருக்கும் சின்னக் கட்டம் வேலை தேடும் நாள்வரை கூடவே வரும். இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடம். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளைகளுக்கு, சங்க இலக்கியமும் இலக்கணமும் உள்ள பகுதி ஒன்று தமிழ் முதலில் மலைப்பாக இருக்கும். பள்ளியில் தமிழ் படிக்காமல், பகுதி ஒன்றில் வேறு மொழி எடுப்பவர்களுக்குப் பகுதி நான்கில் அடிப்படைத் தமிழ் என்று எளிய தாள்கள் உண்டு. இது வசதிதான். ஆனால் தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், கொஞ்சம் சிரமப்பட்டாவது தமிழை முழுப் பாடமாக எடுங்கள் என்பேன். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பேச மட்டும் தெரிந்தால் அதில் தேறிவிட முடியாது. பிழையில்லாமல் எழுதவும் வர வேண்டும். அதற்கு மூன்றாண்டு கல்லூரி வகுப்பைவிட மலிவான பயிற்சி மையம் கிடையாது.

அடுத்தது பயிற்றுமொழி. பல அரசுக் கல்லூரிகளில் ஒரே பட்டப்படிப்பு தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய படிப்புவரை முழுதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாண்டுகள் தமிழ்வழியில் படித்த பெண், கல்லூரியில் ‘இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாறினால், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் தேர்வுகளில் அந்த ஒதுக்கீட்டை இழக்கிறார். தனியார் நிறுவனங்கள், மேற்படிப்பு என்று போக நினைப்பவர் ஆங்கிலவழியை எடுப்பதில் தவறே இல்லை. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலவழியில் உட்கார்ந்துவிட்டு முதல் மாதம் ஒன்றும் புரியாமல் தவிப்பவர்களுக்கு: வகுப்புக்கு முந்தைய நாள் அந்தப் பாடத்தைத் தமிழிலேயே படித்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்பு வெளியிட்ட கல்லூரிப் பாட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளியல், வரலாறு, இயற்பியல், தாவரவியல் என்று பல துறைகள் உண்டு. தகவல்கள் பழையவையாக இருக்கலாம்; அடிப்படைக் கருத்துகளுக்குப் போதும். கருத்து பிடிபட்டபின் ஆங்கிலச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். மைசூரில் 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நடத்தும் பாரதவாணி தளத்தில் பல இந்திய மொழிகளின் அகராதிகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கன்னடத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு அது நல்ல துணை. ஆங்கிலவழி மாணவர்கள் தேர்வைத் தங்கள் மொழியில் எழுத இடம் கொடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள்.

இன்டெர்னல் என்னும் கைப்பணம்

பள்ளியில் ஆண்டுத் தேர்வு ஒன்றுதான் எல்லாம். கல்லூரியில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தாளுக்கு 25 மதிப்பெண் இன்டெர்னல், 75 செமஸ்டர் தேர்வு, தேற 40. எழுத்துத் தேர்வுக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சமும் இருக்கும். இன்டெர்னலில் 22 வைத்திருப்பவர் நடுக்கமில்லாமல் தேர்வறைக்குள் போவார். 8 வைத்திருப்பவர் எழுத்தில் 32 எடுத்தே ஆக வேண்டும். இந்த 25-ம் அசைன்மென்ட், இரண்டு மூன்று வகுப்புத் தேர்வுகள், வருகைப்பதிவு இவற்றிலிருந்து வருவது. மேதைமை தேவையில்லை, சொன்ன தேதியில் கொடுத்தால் போதும்.

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. காட்டுவழிப் பஸ்ஸை நம்பி வரும் பிள்ளைக்கு முதல் மணிநேரம் அடிக்கடி தப்பிப்போகும். அதை மறைக்காமல் முதல் வாரமே டியூட்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பஸ், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் வழி சொல்வார்கள். ‘கேட்டால் திட்டுவாங்களோ’ என்று ஒதுங்கி நிற்பவர்தான் கடைசியில் தேர்வெழுத முடியாதவர் பட்டியலில் நிற்கிறார்.

கர்நாடகப் பக்கம் சேர்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே 2021-22-இல் புதிய கல்விக் கொள்கைப்படி தொடங்கிய நான்காண்டு முறை 2024-25-இல் கைவிடப்பட்டு, மூன்றாண்டுப் பட்டம் திரும்ப வந்தது. பாடத்திட்டமும் மதிப்பெண் பகிர்வும் மாறின. ஆகவே சீனியர் கொடுக்கும் நோட்டையும் பழைய வினாத்தாளையும் அப்படியே நம்பாமல், உங்கள் ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்ட பிறகே படியுங்கள்.

சேர்ந்த அன்றே பாடத்திட்டத்தைப் பிரதி எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதோடு பழைய வினாத்தாள்கள் சிலவற்றை வைத்துக்கொண்டால், எந்த அலகிலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி வருகிறது என்பது தெரிந்துவிடும். வாரம் ஒரு விடையை நேரம் பார்த்துக் கையால் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். போனில் படிப்பதற்கும் மூன்று மணி நேரம் பேனா பிடிப்பதற்கும் தொடர்பே இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் அடுத்த செமஸ்டர் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் நிலுவையில் இருப்பவரை உள்ளேயே விடுவதில்லை.

சந்தேகம் தீர ஸ்வயம் தளமும் என்பிடெல் காணொளிகளும் இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் உண்டு. இவற்றில் பத்துக்குப் பதிவுசெய்து ஒன்றையும் முடிக்காமல் விடுவதைவிட, செமஸ்டருக்கு ஒன்றை முடிப்பது நல்லது. ஊரில் சிக்னல் இல்லாதவர்கள் கல்லூரி வைஃபையில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் மதிய இடைவேளையை மட்டும் ஒதுக்கினாலே வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் சேரும்.

ராகிங் என்றால் பொறுத்துப்போகாதீர்கள்: 1800-180-5522, நாடு முழுவதற்குமான எண். மனம் நொந்து தூக்கம் கெட்டால் 14416, டெலி மானஸ். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

இரண்டு மொழிக்காரருக்கு உள்ள வேலை

எல்லையோரத்துப் பிள்ளைகள் பலர் தங்கள் கன்னடத்தை ஒரு குறையாக நினைத்துச் சேலத்து விடுதியில் மறைக்கிறார்கள். மைசூரில் தமிழை மறைப்பவர்களும் உண்டு. வேலைச் சந்தையில் இவர்கள் கையில் இருப்பது மற்றவர்களிடம் இல்லாத முதல். கிராம வங்கித் தேர்வுகள் அந்தந்த மாநில மொழியறிவைக் கேட்கின்றன. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்குத் தமிழ், கர்நாடகத்தின் கிராம வங்கிக்குக் கன்னடம். இரண்டையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எந்தப் பக்கம் காலியிடம் அதிகமோ அந்தப் பக்கம் விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பை வாழ்க்கையாக எடுக்க விரும்புபவர், மைசூரில் மேலே சொன்ன நிறுவனத்திலேயே இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டத்தின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்துவர வேண்டும்.

இதற்கு முதலாண்டில் செய்ய வேண்டியது ஒன்றே. எந்தக் கரையில் படித்தாலும், மறுகரை மொழியில் நாளுக்கு ஒரு செய்தித்தாள் பக்கம் வாசித்து, வாரம் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். எழுதியதைத் திருத்திக் கொடுக்க விடுதியில் அந்த மொழிக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். பதிலுக்கு அவருக்கு உங்கள் மொழியைச் சொல்லிக்கொடுங்கள்.