குச்சவெளிக் கரைக்கு எந்தக் கார்?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்ததிலிருந்து எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் இதே பேச்சுத்தான். நிலாவெளியில் வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விடும் என் மச்சானும் அதைத்தான் கேட்டார். விருந்தினரை ஏற்றி இறக்கவும் வீட்டுத் தேவைக்கு ஓடவும் பார்க்க மதிப்பான ஒரு செடான் வேண்டும். வெளியிலிருந்து இறக்குவதா, நாட்டுக்குள்ளே பொருத்தியதை வாங்குவதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். உள்ளூரில் பொருத்தியது என்றால் தரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவைப் பாருங்கள். மெர்சிடிஸ் எஸ் கிளாஸின் புதிய வடிவம் 2021 ஜூனில் முழுக் காராக இறங்கியபோது எஸ் 450இன் விலை 2.19 கோடி இந்திய ரூபாய். அதே வருடம் ஒக்டோபரில் புனேக்கு அருகே சாக்கனில் பொருத்திய எஸ் 450 வந்தது, விலை 1.62 கோடி. இந்த 57 இலட்ச வித்தியாசத்தில் பெரும் பங்கு வரி. விலை உயர்ந்த முழுக் காருக்கு அப்போது அங்கே 100 வீத சுங்க வரி. பாகங்களாக வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சென்னைக்குத் தெற்கே பிஎம்டபிள்யூ 2007 முதல் 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களைப் பொருத்தி வருகிறது. சீட், புகைக்குழாய், வயறிங் போன்றவற்றை அங்குள்ள தொழிற்சாலைகளே கொடுக்கின்றன. அந்தக் கார்களை யாரும் இரண்டாந்தரம் என்று சொல்வதில்லை.

ஆனால் அந்தக் கணக்கை அப்படியே இலங்கைக்குக் கொண்டுவர முடியாது. இங்கும் பொருத்தும் தொழில் பழையதுதான். 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ஃபியட், மஸ்டா கார்களைப் பொருத்தி விற்றது. 1995இல் மைக்ரோ நிறுவனம் தொடங்கியது. 2019இல் வெலிப்பென்னையில் மகிந்திரா கேயூவி 100 வந்தது. பிறகு சீதுவையில் ஹூண்டாய் கிராண்ட் ஐ10. ரயர், பற்றறி போன்றவை நாட்டுக்குள்ளேயே செய்யப்படுகின்றன. ஆனால் இவை பெரும்பாலும் சின்னக் கார்களும் ஜீப் வகைகளும். மச்சான் மனதில் வைத்திருக்கும் சொகுசு செடான் அந்த வரிசையில் இல்லை. சின்னக் கார் போதும் என்றால் நான் தயங்காமல் உள்ளூரையே சொல்வேன்: பூச்சிய மைல், உத்தரவாதம், கேள்வி கேட்க ஒரு ஏஜன்ற். விற்கும்போது ரொயோட்டாவுக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது, அதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இறக்குமதிப் பக்கம் வரிதான் கையைச் சுடும். 2025இல் திறந்தபோது சுங்க வரி 20 வீதம், அதன்மேல் அந்த வரியில் பாதி மேலதிகக் கட்டணம். எஞ்சின் அளவுக்கு உற்பத்தி வரி தனி. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை 50 இலட்சத்தைத் தாண்டும் பெற்றோல் காருக்குத் தாண்டிய தொகையில் 100 வீதம் சொகுசு வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத பெறுமதி சேர் வரி. பாவித்த கார் என்றால் செய்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மச்சான் ஆசைப்பட்ட பிறிமியோவை ரொயோட்டா 2021 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. ஆகவே அதை இனி இறக்கவே முடியாது. ஏற்கெனவே இங்கே ஓடுகிற கார்களில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. 260 என்று எல்லோரும் சொல்லும் அந்த பிறிமியோவின் 1500 சிசி எஞ்சின்தான் அக்சியோவிலும் இருக்கிறது. திருகோணமலை கராஜ்களில் அதைக் கழற்றிப் பூட்டாத மெக்கானிக் இல்லை. கொழும்புக்குப் போய்த் திருத்துவதென்றால் 260 கிலோமீற்றர் தூரம். ஒரு கார் எங்கே பொருத்தப்பட்டது என்பதைவிட அது பழுதானால் எங்கே திருத்தலாம் என்பதுதான் எங்களைப் போன்ற ஊருக்கு முக்கியம்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். குச்சவெளியில் கடற்காற்று வருடம் முழுக்க வீட்டுக்குள் வருகிறது; ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் உரிகிறது. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஜப்பான் காருக்கு அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். முதல் மாரியிலேயே பூச்சு பொருக்காக உதிர்ந்தது. உள்ளே சில் வளைவும் கதவின் கீழ்ச்சட்டமும் தின்றுபோயிருந்தன. ஜப்பானின் வடக்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய கார் இங்கே வந்து கரையிலும் நின்றால் இரண்டு முறை உப்பு குடித்த கார். ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ் என்ற எழுத்து துருவையும் சி அரிப்பையும் குறிக்கும். தரப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஆர் இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். ஏசியின் முன் றேடியேற்றர் தகடு விரலில் பொடிந்தால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

மற்றவை சின்னவை. பழைய ஜப்பான் ரேடியோ 76இல் தொடங்கி 90இல் நின்றுவிடும். எங்கள் நிலையங்கள் 108 வரை போகின்றன, ஒரு மாற்றி பூட்டலாம். ஜேர்மன் கார் என்றால் 95 பெற்றோல் கேட்கும். எந்தச் செட்டில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு நான் சொன்னது: நாட்டுக்குள் ஓடிய 260, முடிந்தால் கண்டி, குருநாகல் போன்ற கடற்கரையில்லாத ஊரில் நின்றது. மிச்சக் காசில் கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ளே மெழுகுப் பூச்சு. பிறகு கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும். முற்பணம் கொடுக்கும் முன் காரைக் கராஜில் ராம்பில் ஏற்றி, ரோர்ச் அடித்துப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் நேரமில்லை என்றால் அடுத்த காருக்குப் போங்கள்.