சூடா, காய்ச்சலா, நீர்க்குறைவா?

சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திரத்தைத் திண்டுக்கல்லில் வாழும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர்; இவற்றின் இடையே கிடக்கும் நமது சமவெளி அந்நாட்களில் அடுப்புக்கல் போலக் காய்கிறது. கோடை விடுமுறையில் தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மாணவியராகிய நம்மிடமே வந்து சேருகிறது.

பகலெல்லாம் தெருவில் ஆடிய குழந்தை மாலையில் சோர்ந்து படுக்கிறது. உடம்பு சுடுகிறது. இரண்டு முறை வயிற்றால் போகிறது. "வெயில் சூடுதான், காலையில் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. பல நாட்கள் அவர் சொல் பலிக்கும். பலிக்காத நாளை நாம் எப்படி அறிவது? அதைக் கற்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயில் குழந்தையை ஏன் விரைவில் தாக்குகிறது?

குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே சுற்றுப்புற வெப்பம் அதன் உடலுக்குள் விரைவாக ஏறுகிறது. பெரியவர்களைப் போல அதற்கு வியர்ப்பதுமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாகத்தை எடுத்துச் சொல்லும் வயது அதற்கு வரவில்லை. விளையாட்டு மும்முரத்தில் சற்றுப் பெரிய குழந்தைகூடத் தண்ணீரை மறந்துவிடும்.

சூடு வேறு, காய்ச்சல் வேறு

நோய்க்கிருமி உடலில் புகும்போது, மூளையே உடலின் வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது. அதுவே காய்ச்சல். பாராசிட்டமால் மருந்து அந்த அளவைக் கீழே இறக்கும். வெயில் சூட்டில் மூளை எதையும் கூட்டவில்லை. புகுந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கிறது. அதற்கு மாத்திரை பயன்படாது. நிழலும் காற்றும் நீருமே மருந்து.

எனவே முதலில் குழந்தையை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் கிடத்துங்கள். உடையைத் தளர்த்துங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். குடிக்கக் கொடுங்கள். வெறும் வெயில் சூடானால் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு தணிந்து, குழந்தை முகம் தெளிந்து விளையாட எழும். அதன்பின்னும் வெப்பமானியில் 100.4 பாகை பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால் அதைக் காய்ச்சல் என்றே கொள்ள வேண்டும். மறுநாளும் தொடரும் காய்ச்சலுக்கு நேற்றைய வெயிலைக் காரணம் சொல்லிக் காத்திருக்கலாகாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த அளவு காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

உச்சிக்குழி சொல்லும் செய்தி

கைக்குழந்தைக்கு வயிற்றால் போகும்போது "உச்சிக்குழி விழுந்துவிட்டது" என்று கூறி, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டுவது நம் ஊர் வழக்கம். பாட்டிமார் கண்ட அடையாளம் மிகச் சரியானது, வைத்தியந்தான் போதாது. உடலில் நீர் வற்றுவதால் உச்சிக்குழி உள்வாங்குகிறது. தலையில் வைக்கும் எண்ணெய் அந்த நீரை ஈடுசெய்யாது; குழந்தையின் வாய்வழியே போகும் நீரே ஈடுசெய்யும்.

நீர்க்குறைவைக் காட்டும் வேறு அடையாளங்களும் உண்டு. நாக்கும் உதடும் உலரும். அழுதால் கண்ணீர் வராது. கண்கள் குழி விழும். சிறுநீர் குறைந்து மஞ்சளாகும். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது.

1971-இல் கிடைத்த பாடம்

உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எளிய பொருள்தான். ஆனால் அதன் வரலாறு எளிதன்று. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் தன்னோடு அழைத்துச் செல்கிறது என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலார் விளக்கினார். உப்பு செல்லும் இடத்துக்கு நீரும் பின்தொடர்ந்து செல்லும்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். எல்லையோர நகரான பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனோபிஸ், உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றைக் கலந்த நீரைக் குழாய் பொருத்திய பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினரே அதைக் குவளையில் பிடித்துக் கொடுத்தனர். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவரது பராமரிப்பில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைந்தது. 2022-இல் அவர் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பன்காவில் குவளையை ஏந்தியவர்கள் படித்த மருத்துவர்கள் அல்லர், தாய்மாரும் உடன்பிறந்தாரும். அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம்.

செய்முறை

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். உறையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது.

பொட்டலம் கிடைக்காதபோது: காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், தலை தட்டிய சர்க்கரை 6 தேக்கரண்டி, தலை தட்டிய உப்பு அரைத் தேக்கரண்டி. கரைத்ததைச் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர்வரையும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர்வரையும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம்வரை உள்ள நலமான குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பாலே போதும். அடிக்கடி கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்கு உப்பிட்ட மோரும் கஞ்சியும் நல்லவை. கடையில் விற்கும் கலர், சோடா வகைகள் பேதியை அதிகப்படுத்தும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைகள்

1. எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, பிதற்றல், வலிப்பு.
2. எதையும் குடிக்க இயலாமை, அல்லது குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல்.
3. கைக்குழந்தை ஆறு மணி நேரமாகவும், பெரிய குழந்தை எட்டு மணி நேரமாகவும் சிறுநீர் கழிக்காமை.
4. மலத்தில் இரத்தம்.
5. கண்ணும் உச்சிக்குழியும் குழிந்து, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புதல்.

வெயிலில் இருந்த குழந்தையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, நினைவும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை இருந்தாலும் ஏமாற வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் ஒரு சொட்டு நீரும் விடலாகாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.

மாணவியரே, விடுமுறை தொடங்குமுன் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் சரியாக ஒரு லிட்டர் கொள்ளும் என்று அளந்து குறி வையுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வாங்கி வையுங்கள். மாலையில் குழந்தை சோர்ந்திருந்தால் "என்ன குடித்தது? எப்போது சிறுநீர் கழித்தது? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். மருத்துவரும் முதலில் கேட்பவை இவையே. பதில் உங்களிடம் இருந்தால் பாட்டியின் அச்சமும் குறையும். குழந்தைக்கு வேண்டிய உதவியும் காலத்தில் கிட்டும்.