சங்கிலி வியாபாரம்: சேருமுன் செலவைக் கணக்கிடுவோம்

பல்மட்டச் சந்தைப்படுத்தல் எனப்படும் வியாபாரத்தை எமது மக்கள் சங்கிலி வியாபாரம் என்கின்றனர். ஒருவர் பணம் கட்டி, பொருட்பொதி ஒன்றை வாங்கி உறுப்பினராகிறார். பின்பு தமக்குக் கீழே வேறு ஆட்களைச் சேர்க்கிறார். அவர்கள் வாங்குவதிலும், அவர்கள் சேர்ப்போர் வாங்குவதிலும் இவருக்குத் தரகு உண்டு. கூட்டத்தில் வரவு மட்டுமே விளக்கப்படும். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட எண்ணியவரைப் போல, நாம் முதலில் செலவைப் பார்ப்போம்.

சொல்லப்படாத செலவுகள்

ஓர் உதாரணம். சேரும் தொகை 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தரகு பெறும் தகுதியை இழக்காதிருக்க மாதந்தோறும் 4,000 ரூபாவுக்குப் பொருள் வாங்க வேண்டும், ஆண்டுக்கு 48,000. மாதம் இரு கூட்டங்களுக்கு பஸ், சாப்பாட்டுச் செலவு 1,200, ஆண்டுக்கு 14,400. அந்த இரு நாட்களும் இழந்த கூலி நாளொன்றுக்கு 2,000 ஆனால், ஆண்டுக்கு 48,000. மொத்தம் 135,400 ரூபா. நகையை அடகு வைத்துச் சேர்ந்திருந்தால் வட்டி வேறு. பொருள்கள் கையில் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அதே பாவனைப் பொருள் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், அவற்றை விற்பது எப்படி? கடனுக்குக் கொடுத்தால் அதுவும் திரும்பி வராமற் போகலாம்.

ஆட்கள் எங்கே?

ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்ப்பதாயின் 5, 25, 125, 625 என்று தொகை பெருகும். 300 குடும்பங்கள் உள்ள ஊரில் நான்காம் படிக்கே ஆள் இல்லை. பதினோராம் படிக்கு 4 கோடி 88 இலட்சம் பேர் வேண்டும். 2024 குடிசன மதிப்பீட்டின்படி எமது நாட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். சங்கிலி எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நால்வர் கடைசிப் படியிலேயே இருப்பர். அவர்களுக்குக் கீழே எவருமில்லை.

உறவின் விலை

அந்நியர் எவரும் இலகுவில் சேரமாட்டார்கள். எனவே முதலில் அணுகப்படுவோர் மச்சான், சித்தி, ஞானப்பிள்ளையின் பெற்றோர், சீட்டுப் பிடிக்கும் அயலவர் ஆகியோரே. பணம் போனபின் அவர்கள் கோபிப்பது கம்பனியுடன் அல்ல, தம்மைச் சேர்த்தவருடன். இடருக்குக் கைமாற்றுக் கேட்கக்கூடிய வீடுகள் இவ்வாறு ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஏழைக் குடும்பத்துக்கு இதுவே மிகப் பெரிய நட்டம். இதனை எந்தக் கணக்குக் கொப்பியிலும் எழுத முடியாது.

சட்டம்

பொருளை வெளியார்க்கு விற்று இலாபம் பெறுவது நேர்மையான தொழில். ஆனால் பங்குபற்றுவோரின் தொகையோ அவர்கள் கட்டும் பணமோ கூடுவதிலேயே வருமானம் பெரிதும் தங்கியிருக்குமாயின், அது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அத்தகைய திட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றை ஊக்குவிப்பதும் குற்றமே. ஆகவே நல்லெண்ணத்துடன் ஆள் சேர்ப்பவரும் சட்டத்தில் அகப்படலாம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை வெளியிடுகிறது. பெயர் அதில் இல்லை என்பதால் மட்டும் ஒரு திட்டம் நல்லதாகிவிடாது.

குழுவில் கலந்துரையாட

1. புதிதாக எவரும் சேராவிட்டால் இவ்வியாபாரத்தில் வருமானம் வருமா?
2. உறுப்பினரல்லாத ஒருவர் இப்பொருளை இந்த விலைக்கு வாங்குவாரா?
3. எமது ஊரில் இவ்வாறு சேர்ந்தோரின் ஓராண்டு வரவு செலவை அவர்களுடன் அமர்ந்து எழுதிப் பார்க்க முடியுமா?
4. இதே தொகையைச் சிக்கன கடனுதவிச் சங்கத்தில் வைப்பிட்டு, கோழி வளர்ப்பிலோ வீட்டுத் தோட்டத்திலோ இட்டால் என்ன கிடைக்கும்?

ஏமாந்தவரைப் பரிகசிக்காது, அவரையும் குழுவில் அமர்த்திப் பேசச் செய்வோம். அவரது அனுபவமே அடுத்த வீட்டைக் காக்கும்.