சஸ்பென்ஷன் மாத்தணுமா? முதல்ல டேப் எடுங்க

நம்ம காலேஜ் பார்க்கிங்ல அட்வென்ச்சர் பைக் வெச்சிருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. "ஸ்டாக் சஸ்பென்ஷன் வேஸ்ட் மச்சி, மாத்திடு"ன்னு பதில் வரும். எதை மாத்தணும், மாத்தினா என்ன ஆகும்னு கேட்டா பதில் வராது. போன வருஷம் வரைக்கும் நானும் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்டர்ன்ஷிப்ல சேர்த்த ஸ்டைபெண்ட் மொத்தத்தையும் ஒரு ரியர் ஷாக்குல போட ரெடியா இருந்தேன். என் வண்டிக்குத் தேவைப்பட்டது அது இல்லைன்னு கடைசியில ஒரு சாதாரண டேப் சொல்லிக் கொடுத்துச்சு. அதுக்கு முன்னாடி கீழ விழுந்து கையையும் உடைச்சுக்கிட்டேன். நீங்க உடைச்சுக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

ஸ்டாக் செட்டிங் யாருக்காக?

பைக்கை டிசைன் பண்ற கம்பெனிக்கு அதை யார் ஓட்டப் போறாங்கன்னு தெரியாது. 55 கிலோ ஆளும் வாங்கலாம், 95 கிலோ ஆளும் வாங்கலாம். ஒருத்தர் தனியா ஆபீஸ் போவார். இன்னொருத்தர் பின்னாடி ஆள் வெச்சு, ரெண்டு பேக் கட்டி லடாக் போவார். எல்லாருக்கும் ஓரளவு பொருந்துற மாதிரி நடுவுல ஒரு ஸ்பிரிங் போடுறாங்க. அந்த நடுவுல நீங்க இருந்தா ஸ்டாக்கே போதும். அதுலேர்ந்து தள்ளி இருந்தா எவ்வளவு தள்ளி இருக்கீங்கன்னு தெரியணும்.

நம்ம ஊர்ல நிறைய பேர் ஓட்டுற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியை உதாரணமா எடுத்துக்கலாம். ஸ்டாண்டர்ட் மாடல்ல முன்னாடி 37 மி.மீ. ஃபோர்க், 190 மி.மீ. டிராவல். பின்னாடி மோனோஷாக், 170 மி.மீ. டிராவல், 10 ஸ்டெப் ப்ரீலோட். டிராவல்னா சக்கரம் மேலயும் கீழயும் போகக்கூடிய மொத்த தூரம். வண்டி சுமார் 160 கிலோ, நீங்க 70 கிலோன்னு வெச்சுக்கோங்க. அரை மீட்டர் உயரத்துலேர்ந்து இறங்கினா சஸ்பென்ஷன் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 1,130 ஜூல். ஸ்பிரிங் இதை வாங்கி வெச்சுக்கும். ஸ்பிரிங் திருப்பி உதைக்காம இருக்க, டேம்ப்பர் அதை வெப்பமா மாத்தி வெளியே விடும். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பர்ல மார்க்குக்காகப் படிச்ச மாஸ், ஸ்பிரிங், டேம்ப்பர் படம் உங்க சீட்டுக்கு அடியிலேயே இருக்கு.

அளக்கிறது எப்படி?

இதுக்குப் பேரு சேக். வெயிட் ஏறும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுங்கிற கணக்கு. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒரு டேப், பத்து நிமிஷம் போதும்.

முதல்ல பின் சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேல, சீட்டுக்குக் கீழ ஏதாவது ஒரு இடத்துல சின்னதா டேப் ஒட்டி மார்க் பண்ணுங்க. இனி எல்லா அளவும் ஆக்ஸில்லேர்ந்து அந்த மார்க் வரைக்கும்தான்.

அளவு 1: வண்டியை சைடு ஸ்டாண்டு பக்கம் சாய்ச்சு, பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கின நிலையில.

அளவு 2: வண்டி நேரா, தன் எடையில மட்டும் நிக்கும்போது.

அளவு 3: ஹெல்மெட், ஷூ, பேக் எல்லாம் போட்டு நீங்க ஏறி உட்கார்ந்த பிறகு. ஒரு ஃப்ரெண்ட் ஹேண்டிலைப் பிடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் அளக்கட்டும்.

1-லேர்ந்து 3-ஐக் கழிச்சா ரைடர் சேக். 1-லேர்ந்து 2-ஐக் கழிச்சா ஃப்ரீ சேக்.

ரைடர் சேக் மொத்த டிராவல்ல சுமார் 30% இருக்கணும். 170 மி.மீ. டிராவலுக்கு அது 51 மி.மீ. அதைவிட அதிகமா அமுங்கினா ப்ரீலோடைக் கூட்டுங்க, கம்மியா அமுங்கினா குறைங்க. 51 பக்கத்துல வந்ததும் ஃப்ரீ சேக்கை மறுபடி அளங்க. சுமார் 15 முதல் 20 மி.மீ. இருந்தா ஸ்பிரிங் உங்களுக்குச் சரியானது. இங்கேயே வேலை முடிஞ்சது. பணம் மிச்சம்.

அடுத்தது கொஞ்சம் உல்டாவா தோணும். ரைடர் சேக் சரியா இருந்தும் ஃப்ரீ சேக் ரொம்பக் கம்மியா, 5 மி.மீ. மாதிரி வந்தா ஸ்பிரிங் சாஃப்ட்னு அர்த்தம். சாஃப்ட்டான ஸ்பிரிங் உங்களைத் தாங்கணும்னா ப்ரீலோடை இறுக்கி இறுக்கி வெச்சிருப்பீங்க. அதனால நீங்க இறங்கினதும் அது முழுசா நிமிர்ந்துடுது. ஃப்ரீ சேக் ரொம்ப அதிகமா இருந்தா ஸ்பிரிங் உங்களுக்கு ஓவர் ஸ்டிஃப்.

நான் விழுந்த கதை

என்னோடது செகண்ட் ஹேண்ட் வண்டி. பின்னாடி டிராவல் கிட்டத்தட்ட மேல சொன்ன அளவுதான். நான் 86 கிலோ. எங்க ஊர் ஏரிக்கரை தாண்டி கல்குவாரிக்குப் போற பாதையில ஒரு பள்ளத்துல இறங்கும்போது பின்னாடி 'டம்'னு அடியில முட்டிச்சு. வீட்டுக்கு வந்ததும் ப்ரீலோடைக் கடைசி ஸ்டெப் வரைக்கும் திருப்பிட்டேன். டேப் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல. இறுக்கினா ஸ்டிஃப் ஆயிடும்னு நினைச்சேன்.

ஆகாது. ப்ரீலோட் ஸ்பிரிங்கோட ஸ்டிஃப்னஸை மாத்தாது. ஹூக் விதியில வர்ற 'கே' அப்படியேதான் இருக்கும். வண்டி நிக்கிற உயரம்தான் மாறும். அடியில முட்டுறது கொஞ்சம் குறையும். ஆனா பின்பக்கம் தூக்கி நின்னா எடை முன்னாடி சாயும், ஹேண்டில் படபடக்க ஆரம்பிக்கும். ஃப்ரீ சேக் இல்லாததால பின் சக்கரம் குழிக்குள்ள இறங்கி தரையைத் தொட்டுட்டு வரவும் முடியாது.

அடுத்த ஞாயிறு அதே பாதையில, ஜல்லி இறக்கத்துல பின்பக்கம் எகிறிச்சு, முன் சக்கரம் வழுக்கிச்சு. வலது மணிக்கட்டுல ஹேர்லைன் ஃப்ராக்சர். மூணு வாரம் கட்டு. ஃபர்ஸ்ட் ரிவ்யூ பிபிடி முழுக்க இடது கையால டைப் பண்ணேன். அம்மா பைக் சாவியை எடுத்து அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சாங்க. அப்பவும் எனக்குத் தோணினது, "ஸ்டாக் ஷாக் சரியில்லை, புதுசு வாங்கணும்"னுதான்.

எண்ணெயை மறந்துடாதீங்க

கட்டு பிரிச்சதும் மெக்கானிக் அண்ணா கிட்ட போய் புது ஷாக் பத்திக் கேட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, ஃபோர்க் ஆயில் எப்ப மாத்துன?" ஃபோர்க்குல ஆயில் மாத்தணும்னே எனக்குத் தெரியாது. வடிச்சுக் காட்டினார். கறுப்பா, தண்ணி மாதிரி வந்துச்சு.

ஆயில் பழசாச்சுன்னா அதோட பிசுபிசுப்பு போயிடும். டேம்ப்பிங் மொத்தமும் அந்தப் பிசுபிசுப்பை நம்பித்தான் இருக்கு. மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயில், சொன்ன அளவு, கசிஞ்சா ஆயில் சீல், அவ்வளவுதான். முன்பக்கம் வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு. "ஸ்டாக் மோசம்"னு நான் ஆறு மாசம் திட்டினதுல பாதி, நான் பண்ணாத சர்வீஸ்.

அப்புறம்தான் சேக் அளந்தேன். ரைடர் சேக்கை 52-க்குக் கொண்டு வந்தப்ப ஃப்ரீ சேக் வெறும் 4 மி.மீ. அதாவது 86 கிலோவுக்கு ஸ்பிரிங் சாஃப்ட். அதே ஷாக்குல ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி ஸ்டிஃப்பா மாத்தினேன். கார்ட்ல வெச்சிருந்த தொகையில கால்வாசி கூட ஆகல.

இதுல ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கை மட்டும் எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கிட்டே போக முடியாது. கிரிட்டிகல் டேம்ப்பிங் ஸ்டிஃப்னஸோட ஸ்கொயர் ரூட்ல ஏறும். ஸ்பிரிங் 20% ஸ்டிஃப் ஆனா டேம்ப்பிங்கும் சுமார் 10% கூடணும். பழைய டேம்ப்பர் கொஞ்சம் வரைக்கும் சமாளிக்கும். அதுக்கு மேல போனா ஸ்பிரிங் வேகமா விரியும், வண்டி உதைக்கும். அப்போ டேம்ப்பருக்குள்ளயும் வேலை இருக்கு.

அப்போ யார்தான் மாத்தணும்?

மாத்தவே வேணாம்னு சொல்ல வரல. மூணு பேருக்கு நிஜமாவே தேவை.

ஒண்ணு, குதிக்கிறவங்க. மோட்டோகிராஸ் டிராக், ரேலின்னு போறவங்களுக்கு டிராவலே பத்தாது. ஹீரோவே 2020-ல எக்ஸ்பல்ஸுக்கு ரேலி கிட் கொண்டு வந்தாங்க, விலை 38,000 ரூபாய். 2023-ல வந்த 4வி ப்ரோவுல முன்னாடி 250, பின்னாடி 220 மி.மீ. டிராவல். ஆனா சீட் உயரம் 825-லேர்ந்து 891 மி.மீ. ஆயிடுச்சு. அஞ்சரை அடி ஆளுக்கு சேத்துல கால் ஊன்ற வேண்டிய நேரத்துல அந்த 66 மி.மீ. எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுக்கோங்க.

ரெண்டு, மேடு பள்ளத்துல மணிக்கணக்கா வேகமா போறவங்க. சாதாரண ஷாக்குல ஆயிலும் கேஸும் ஒரே அறையில இருந்தா சூட்டுல நுரைச்சு டேம்ப்பிங் குறையும். தனி ரிசர்வாயர் இருக்கிற ஷாக் இதைத் தாங்கும்.

மூணு, சின்னக் கல் பட்டாலே முன்பக்கம் கையை உலுக்குது, ஆனா பிரேக் அடிச்சா முழுசா குனியுதுன்னு ஃபீல் பண்றவங்க. பழைய பாணி டேம்ப்பர் ராட் ஃபோர்க்குல ஆயில் ஒரே சைஸ் ஓட்டை வழியா போகணும். மெதுவா அமுங்கினா எதிர்ப்பு ரொம்பக் கம்மி, வேகமா அடிச்சா வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும். ஆயில் மாத்தி, சேக் செட் பண்ணியும் இது போகலைன்னா கார்ட்ரிட்ஜ் அல்லது எமுலேட்டர் போடுறதுல அர்த்தம் இருக்கு.

இந்த மூணுலயும் நீங்க இல்லைன்னா வரிசை இதுதான்: டயர் பிரஷர், ஆயில், சேக், ஸ்பிரிங். ஷாக் கடைசியில. ஒவ்வொண்ணா மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதே பாதையில ஓட்டிப் பாருங்க. ரெண்டை ஒரே நாள்ல மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. லேப்ல ஒரு நேரத்துல ஒரு வேரியபிளை மட்டும் மாத்தச் சொன்னது இதுக்குத்தான்.

என் கார்ட்ல அந்த ஷாக் இன்னும் இருக்கு. சாவியும் அரிசி டப்பாவுலேர்ந்து வெளியே வந்துடுச்சு. இந்த சனிக்கிழமை சாயங்காலம் டூ வீலர் பார்க்கிங்ல டேப்போட நிப்பேன். அளந்து பார்க்கணும்னா வண்டியோட வாங்க, வெயிட்டை மட்டும் உண்மையா சொல்லுங்க.